பிள்ளையே வேண்டாங்குது

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அத்துவிட்ட வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்: "நாங்களா தடுத்தோம்? பிள்ளையே அவரப் பாக்க மாட்டேங்குது." கேட்ட ஊரும் அதோடு வாயை மூடிக்கொள்ளும். பிள்ளை வாயில் வந்தது பிள்ளை மனசுதான் என்று எல்லோரும் நம்புகிறோம். இதைவிடச் சௌகரியமான பொய் கிடையாது.

ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறு எந்த வீட்டில் என்று தெரியும். அப்பா பெயரை எடுத்ததும் அம்மாச்சி முகம் சுண்டுவதையும், அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவதையும் அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. (சொல்லியும் தருகிறார்கள்.) தகப்பன் வீட்டில் வளர்ந்தால் அந்த வேலையை அப்பத்தா பார்ப்பார்: "உன்னப் போட்டுட்டுப் போனவ."

2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 21 மாத வயதிலிருந்து தகப்பனிடமே வளர்ந்த சிறுமி. அவளுக்கு அப்பாதான் பிடித்திருந்தது. அம்மாவோடு முழுசாக இருந்தே பார்க்காத பிள்ளை இருவரையும் எப்படி ஒப்பிடும் என்று நீதிமன்றம் கேட்டது; அம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னது. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்றுவரை இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

குடித்துவிட்டு அடித்த தகப்பனைப் பார்க்கப் பிள்ளை பயப்படாதா? பயப்படும். அந்தப் பயத்தை மதித்தே ஆகவேண்டும். 1985-இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர், ஒருவர் பிள்ளைக்கு ஊட்டும் இன்னொருவர் மீதான வெறுப்புக்கு ஒரு நோய்ப் பெயர் வைத்தார். அதைச் சாக்காக வைத்து அடித்தவர்களும் பிள்ளையைக் கேட்டு வந்ததுண்டு. அவசரப்பட்டு அந்த முத்திரையைக் குத்தாதீர்கள், யார் என்ன செய்தார் என்று பாருங்கள் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சரிதான். கைநீட்டாத மனிதரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பவர்களைத்தான் நான் சொல்கிறேன்.

எங்கள் கரையில் அதற்குக் கடலும் துணை. சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவு ஆகியிருக்கும். விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதும் திங்கள், புதன், சனி. தொழிலுக்குப் போனவர் ஞாயிறு காலை கரைக்கு வருவதற்குள், "பாத்தியா, உங்கப்பன் வரல" என்று பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது. இலங்கைக் கடற்படை பிடித்துச் சிறையில் கிடந்த மாதங்களும் 'மறந்துட்டாரு' கணக்கில் சேர்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, 61 நாள். படகு கரையில், ஆள் வீட்டில், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு. வருஷத்தில் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து இருக்கத் தோதான காலம் இது ஒன்றுதான். அந்த லீவில்தான் பிள்ளையைத் திருப்பூர் சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுகிறார்கள். தடை முடிந்து அவர் படகில் ஐஸ் ஏற்றும்போது, பிள்ளை புதுப் புத்தகப் பையோடு ஊர் திரும்பியிருக்கும்.