அப்பாவின் சுவிட்சர்லாந்து

சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூலாயில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறைக்குச் சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்தது. நீளமான அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்த ஐந்து தாள்கள். ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், எட்டடி உயரம். அப்பாவும் மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலி மேல் ஏறி நின்று அவற்றை ஒட்டினார்கள். நீலமும் பச்சையும் கலந்த ஏரி, சுற்றிலும் ஊசியிலை மரங்கள், பின்னால் வரிசையாகப் பனிமலைகள். மூன்றாவது தாள் மட்டும் அரை அங்குலம் கீழே இறங்கிவிட்டதால் நடு மலையின் உச்சியில் ஒரு படிக்கட்டு உண்டாகியிருக்கிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

குறை சொன்னது நான்தான். பல்கலைக்கழகம் போய் மூன்றாண்டு தமிழ்க் கழகத்தில் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? “ஏம்ப்பா, நம்ம ஊர்ல மலை இல்லையா, ஆறு இல்லையா? வெள்ளைக்காரன் ஏரியப் பாத்துக்கிட்டுத்தான் நாம தோசை சாப்பிடணுமா?” என்று கேட்டேன். அப்பா தண்ணீரில் நனைத்த துணியால் பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “காலையில நாலு மணிக்குப் பாலத்துல மோட்டார்ல நிக்கிறவனுக்கு வீட்டுலயாவது கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கட்டும்மா.”

ஜொகூரில் வளர்ந்த நண்பர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் நம் தந்தையரும் அண்ணன்மாரும் எத்தனை பேர்! நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனத்தை மூடவில்லை. அதன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு செய்தி. அது சுவிட்சர்லாந்தே இல்லை. அந்த ஏரியை எங்கோ பார்த்தது போலிருக்கிறதே என்று தேடியபோது, அது கனடாவில், அல்பர்ட்டா மாநிலத்துப் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள மொரேய்ன் ஏரி என்று தெரிந்தது. 1969ஆம் ஆண்டு வரிசையிலும் 1979ஆம் ஆண்டு வரிசையிலும் வெளிவந்த கனடாவின் இருபது டாலர் தாளின் பின்புறம் இதே காட்சிதான். பனியாறு மலைப்பாறையை அரைத்து மாவாக்கிக் கொண்டு வந்து கொட்டுவதால், அந்த மாவு ஒளியைச் சிதறடித்து நீருக்கு அந்த நிறத்தைத் தருகிறதாம். இதையெல்லாம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “கனடாவும் குளிருதானே?” என்றார்.

பார்க்காத ஊரைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஆசை நம்மவர்களுக்கு மட்டும் வந்த நோய் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தவறு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ரிக்ஸைம் எனும் சிற்றூரில் சூபர் என்ற சுவர்த்தாள் நிறுவனம் இன்றும் இருக்கிறது. அவர்கள் 1807இல் ‘இந்துஸ்தானம்’ என்ற பெயரில் ஒரு பெருங்காட்சிச் சுவர்த்தாளை வெளியிட்டார்கள். மரக்கட்டை அச்சுகளைக் கொண்டு கையால் அச்சிட்டது. தாஸ் புஸ் என்று பேசும் சீமான்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு சுவரையும் சுற்றி யானையும் கோபுரமும் பனைமரமும்! அதற்கு மூலம், தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் எனும் ஆங்கிலேய ஓவியர் இருவர் வரைந்த இந்தியக் காட்சிகள். அவர்கள் 1792இல் தமிழகத்திலும் சுற்றி வந்தவர்கள். ஆக, கூலாயில் நாம் குளிரை ஒட்டுவதற்கு இருநூறு ஆண்டு முன்பே ஐரோப்பாவில் அவர்கள் நம் வெயிலை ஒட்டியிருக்கிறார்கள். இதே சூபரின் வட அமெரிக்கக் காட்சிகள் 1834இல் வந்தன. அவற்றைத்தான் 1961இல் ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையில் தூதர்களை வரவேற்கும் அறைக்கு ஒட்டச் செய்தார்.

நம் இலக்கியம் மட்டும் சளைத்ததா? புறநானூற்றில் பாடப்பெற்ற ஒரு பாண்டியனுக்குப் பெயரே ‘சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்’. ஓவியம் தீட்டிய மாடத்தில் உயிர் நீத்தான் என்பதே அவனுக்கு அடையாளமாக நின்றுவிட்டது. நெடுநல்வாடையில் போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் அரசியின் அரண்மனைச் சுவரில் பல பூக்கள் பூத்த ஒற்றைக் கொடி ஓவியம் ஓடுகிறது. உங்களில் சிலர் மதிப்பெண்ணுக்காக இதைப் படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். சுவரையே பார்த்துக்கொண்டு காத்திருக்கும் பெண் யார், அவளுக்கு அந்தக் கொடி என்னவாக இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் ஓவியப் பாடம் என்றால் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொல்வார்கள். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து ஓர் ஆறு இறங்கி வரும். இரு புறமும் வயல், ஒரு குடிசை, ஒரு தென்னை. முப்பது பேர் வரைந்தாலும் முப்பதும் ஒன்றே. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே மலாய் நண்பர்களும் சீன நண்பர்களும் வரைந்ததும் அதே இரண்டு மலைதான்! தேசிய ஒருமைப்பாடு என்று ஒன்று உண்மையில் இருக்குமானால் அது அந்த இரு மலைக்கு நடுவே உதிக்கும் சூரியன்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எங்கள் வகுப்பின் சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. ஒருவராவது செம்பனை மரத்தை வரைந்ததில்லை. ஆசிரியரும் கேட்டதில்லை.

என் ஆதங்கம் இதுதான், நண்பர்களே. நம்மைச் சுற்றியுள்ளது ‘காட்சி’ என்ற தகுதியை நம் கண்ணிலேயே பெறவில்லை. அந்தக் காலத்துப் புகைப்பட நிலையங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு வந்து, மாடிப்படியும் தூணும் பூந்தோட்டமும் வரைந்த திரைச்சீலை முன் நின்று குடும்பப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திரைதான் நம் முதல் சுவர்ப்படம். அந்தப் படத்தில் முகம் இருக்கும், சேலை இருக்கும், வெறும் காலும் இருக்கும். ஊர் இருக்காது. பிறகு முடிவெட்டும் கடைகளில் ஆல்ப்ஸ் மலை வந்தது. தமிழ்ப் படப் பாடல்களும் அங்கேயே போய் ஆடின. இன்று இணையத்தில் அளவைச் சொன்னால் ஒரு வாரத்தில் எந்த நாட்டு ஏரியும் வாசலுக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் ஜொகூரில் நடந்தது என்ன? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 2006இல் இஸ்கந்தர் மேம்பாட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்ட பிறகு தென் ஜொகூரில் நிலம் முகம் மாறிய வேகம் நமக்குத் தெரியும். லயங்கள், பெரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை ஆகியவற்றில் ஒன்றையாவது நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. எனக்கு வயது இருபத்திரண்டு.

ஆகவே அப்பாவின் ஏரிக்கு எதிரே உள்ள சுவரில் எங்கள் தோட்டத்தை ஒட்டுவது என்று முடிவு செய்தேன். பாட்டியின் பெட்டியில் ரெங்கம் பக்கம் எங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. ஆறங்குலம் அகலம், நான்கங்குலம் உயரம். லயத்து வாசலில் நாலைந்து பேர், ஒரு சைக்கிள், பின்னால் மரங்கள். அதைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வெளிச்சம் வந்தது. பத்தடிக்கு எட்டடிச் சுவரில் அருகே நின்று பார்த்தாலும் தெளிவாக இருக்க அங்குலத்துக்கு நூறு புள்ளியாவது வேண்டும் என்றார் அச்சுக்கடைக்காரர். அப்படியானால் அகலத்தில் 12,000, உயரத்தில் 9,600, மொத்தம் 11 கோடியே 52 லட்சம் புள்ளிகள். அந்தப் பழைய படத்தை எவ்வளவு கூர்மையாக நகலெடுத்தாலும் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிக்கு மேல் அதில் விஷயம் இல்லை. சுவரளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோதான் தேறும். தாத்தாவின் முகம் ஒரு தட்டளவு வரும், ஆனால் கண் எது மூக்கு எது என்று தெரியாது. கைப்பேசியில் 12 மெகாபிக்சலில் எடுத்த படமே அந்தச் சுவரில் முப்பதைத்தான் எட்டும். விற்பனைக்கு வரும் மொரேய்ன் ஏரியை மட்டும் யாரோ பெரிய கேமராவில், முக்காலி போட்டு, நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்து எடுத்திருக்கிறார்கள். எங்கள் லயத்துக்காக யாரும் முக்காலி போடவில்லை.

பரவாயில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பாட்டியிடம் சொன்னேன். பாட்டி மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்: “முப்பது வருசம் அந்த மரத்தத்தாம்மா பாத்தேன். மூணு மணிக்கு எந்திரிச்சி, நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு, கொசுக்கடியில பாத்தேன். இங்க ஹால்ல ஒக்காந்தும் அதையே பாக்கச் சொல்றியா?”

எனக்குப் பதில் இல்லை. தமிழ்க் கழக மேடைகளில் ‘வேர்களை மறவோம்’ என்று முழங்கியிருக்கிறேன். அந்த வேரில் மூன்று மணிக்கு எழுந்து நின்றவர் அதை மறக்கும் உரிமையைக் கேட்கிறார். மறுக்க நான் யார்?

2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் நடந்ததை மூத்த மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பினாங்குச் சுவரோவியங்களால் புகழ்பெற்ற லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச், ஒரு தெருமுனைக் கட்டடத்தில் லெகோ பொம்மைப் பெண் ஒருத்தி கைப்பையுடன் வருவதாகவும், மூலைக்கு அந்தப் பக்கம் பொம்மைத் திருடன் கத்தியோடு நிற்பதாகவும் வரைந்தார். மாநகர் மன்றம் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டது. நகரைப் பற்றிச் சுவர் என்ன சொல்லலாம் என்பதை மன்றம் முடிவு செய்தது. மக்கள் கொதித்தார்கள், அந்தப் படத்தை இணையமெங்கும் பரப்பினார்கள். இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் ஓவியரின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நான் மாநகர் மன்றமாக அல்லவா நடந்துகொண்டேன்? அப்பாவின் ஏரி தகாது, பாட்டியின் வெற்றுச் சுவரும் தகாது, என் படமே தகும் என்று.

ஆகவே என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். உழைத்துக் களைத்து வருபவர் தம் வீட்டுச் சுவரில் எந்த நாட்டை வேண்டுமானாலும் ஒட்டட்டும். அதைக் கேலி செய்வது படித்த திமிர். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. ஆனால் பொதுச் சுவர்களின் கதை வேறு. நம் கழகத்தின் ஆண்டு விழா மேடைப் பதாகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் இணையத்திலிருந்து இறக்கிய தஞ்சைப் பெரிய கோயில், அல்லது ஒரு மயில், அல்லது இரண்டும். இருபதடி அகலத்தில் மங்கலாக நிற்கும் அந்தக் கோயிலை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அப்பாவின் சுவிட்சர்லாந்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று செயலவை நண்பர்கள் கோபிக்காமல் சொல்லட்டும். தமிழ்ப்பள்ளிச் சுவர்களும் அப்படித்தான். நான் படித்த பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வரைந்த நீர்வீழ்ச்சி ஒன்று உண்டு. கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி ஒரு பஸ் பயணத்தில் இருக்க, இது எந்த ஊர் நீர்வீழ்ச்சி என்று வரைந்தவருக்கே தெரியாது.

அடுத்த விழாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஜொகூரில் இன்னும் நிற்கும் லயங்கள் சில உண்டு. குளுவாங் வட்டாரத்து நண்பர்கள் எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியே போதும். ஒரே படமாக எடுக்காமல், பாதிப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இருபது முப்பது படங்களாக எடுத்துக் கணினியில் இணைத்தால் இருபதடிப் பதாகைக்கும் புள்ளி பற்றும். காலை எட்டு மணி வெயில் நல்லது. அங்கே இன்னும் குடியிருப்பவர்களிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். படத்தில் தாங்கள் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும். வர விரும்புவோர் என்னைக் கழக அறையில் பார்க்கலாம்.

எங்கள் வீட்டு எதிர்ச்சுவர் காலியாகவே இருக்கிறது. பழைய படத்தை ஏ3 தாளளவில் மட்டும் அச்சிட்டுச் சட்டம் போட்டு, விடுதியில் என் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் பாட்டியிடம் ஒருமுறை காட்டினேன். சுவரின் அளவுக்குப் பொருந்துவதற்காக இடப்பக்கம் ஓர் அங்குலத்தை வெட்ட நினைத்திருந்ததையும், அங்கே மங்கலாக ஒரு தகரக் கூரை மூலையைத் தவிர ஒன்றுமில்லை என்பதையும் சொன்னேன். பாட்டி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைச் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்.

“அது ஆயாக்கொட்டக. ஒங்கப்பனத் தூளியில போட்டுட்டுத்தான் வெட்டுக்குப் போவேன்” என்றார். “அத ஏன் வெட்டுற?”