யாத்திரைக்கு ஓர் அடுப்பு

மார்கழி பிறந்துவிட்டால் நம் கோலார் தங்கவயலில் மூட்டை கட்டாத தெருவைக் காண்பது அரிது. மாலை அணிந்தவர்கள் சபரிமலைக்கும், செவ்வாடை உடுத்தியவர்கள் மேல்மருவத்தூருக்கும் புறப்படுகின்றனர். ஆவணியில் வேளாங்கண்ணிக்குச் செல்லும் கூட்டமோ சொல்லவே வேண்டாம். பள்ளி, கல்லூரி இளைஞர்கள் அந்தரகங்கை மலைமீது இரவு தங்கிக் கதிரவன் எழுவதைக் காணச் செல்கின்றனர். எவ்வழியில் சென்றாலும் வயிற்றுக்குச் சோறு வேண்டும். முன்னாளில் மூன்று கல்லைக் கூட்டி, கிடைத்த சுள்ளியைப் பொறுக்கி, பொங்கி உண்டோம். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. இப்பொழுது கையில் தூக்கிச் செல்லும் சிறிய கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. அதை எங்கே வாங்குவது, வீட்டில் எங்கே வைப்பது, வழியில் எப்படிக் கொண்டு செல்வது என்று சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விரிவாகவே விடை எழுதுகிறோம்.

முதலில் அன்பர்கள் மதுரையை நினைவிற் கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் இலட்சுமணபுரியாகிய லக்னோவிலிருந்து யாத்திரிகர் கூட்டம் ஒன்று, தனியார் ஏற்பாடு செய்த சுற்றுலாப் பெட்டியில் தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டது. நாகர்கோவிலைக் கண்டு, 26ஆம் நாள் வைகறையில் மதுரை வந்து சேர்ந்தனர். பெட்டியைக் கழற்றி நிலையத்தின் ஒதுக்குப் பாதையில் நிறுத்தி வைத்தனர். காலை ஐந்தேகால் மணி அளவில், பெட்டிக்குள்ளேயே அடுப்பை மூட்டினர். சட்டத்துக்குப் புறம்பாக ஏற்றி வந்த எரிவாயுச் சிலிண்டரால் தீப்பற்றியது. ஒன்பது உயிர்கள் மாண்டன. இராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வடக்கேயிருந்து வரும் அத்தகைய கூட்டங்களை இரயில்வே ஊழியர் எவரும் அடிக்கடி காண்பர். முதியவர்களும் தாய்மார்களுமாக, சட்டி பானையுடன், ஒரு குடும்பம் போலவே வருவார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். விடியலில் ஒரு வாய்த் தேநீர் வேண்டுமென்று நினைத்தவர்களே.

ஆதலின் இரயிலைப் பற்றிய விடையை இங்கேயே கூறிவிடுகிறோம்: கூடாது. நிரம்பியதும் கூடாது, வெறுமையானது என்று நீங்கள் கருதுவதும் கூடாது, பார்சலாகக் கட்டிக் கொடுத்தாலும் கூடாது. 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தீப்பற்றும் ஆபத்தான பொருளைச் சட்ட விரோதமாக இரயிலில் கொண்டு வருபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நேர்ந்த நட்டத்துக்கும் அவரே பொறுப்பு. அபராதத் தொகை இக்காலத்துக்குச் சிறிதாகத் தோன்றலாம், சிறை அப்படியன்று.

சென்ற கோடையில் நாம் பணியாற்றும் நிலையத்தில் இளைஞர் ஒருவர் கோணிப் பையுடன் நின்றார். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர். சனிக்கிழமைதோறும் ஊர் வருபவர். பையிலிருந்தது அடையாளம் ஏதுமற்ற சிறிய சிலிண்டர். அங்கே கடையில் நிரப்புக் கூலி அதிகம் என்பதால் ஊருக்குக் கொணர்ந்து நிரப்பி எடுத்துச் செல்வது அவர் வழக்கமாம். "காலி சிலிண்டர்தானே, அண்ணா!" என்றார். அதன் திருகைச் சற்றே தொட்டதும் உஸ்ஸென்று நாற்றம் வந்தது. மாலை வண்டியில் அவர் ஏறுவதாக இருந்த பெட்டியில் கால் வைக்க இடமில்லை. கைக்குழந்தைகள் மட்டும் எத்தனையோ. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பெங்களூர் வண்டியை நம்பியே நம் ஊர் அடுப்பு எரிகிறது என்பதை அன்பர்கள் அறிவர். அந்த வண்டியில் நேரும் தீ நம் வீட்டில் நேரும் தீயே ஆகும்.

இனி வாங்கும் முறையைக் காண்போம். முறையான சிறிய சிலிண்டர் ஒன்று உண்டு. அது ஐந்து கிலோ எடையுள்ள வாயுவைக் கொண்டது. முகவரிச் சான்று இல்லாத தொழிலாளரும் மாணவரும் அல்லலுறுவதைக் கருதி, எண்ணெய் நிறுவனங்கள் இதனை 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பெட்ரோல் நிலையங்களில் விற்கத் தொடங்கின. முதலில் விற்ற நகரங்களில் பெங்களூரும் ஒன்று. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020ஆம் ஆண்டு இதற்குச் 'சோட்டு' என்று பெயரிட்டது. அடையாளச் சான்று ஒன்றைக் காட்டினால் போதும். வீட்டு இணைப்பு வேண்டுவதில்லை. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மனோர்க்காகவே செய்தது போன்ற ஏற்பாடு இது. இருந்தும் பலர் இதை அறியாமல், தெருவோரத்தில் விற்கும் பெயரற்ற சிலிண்டரை வாங்குகின்றனர்.

பெயரற்ற சிலிண்டரில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். இரண்டு குற்றங்கள். அதன் தகடு எத்தனை அழுத்தத்தைத் தாங்கும் என்று எவரும் சோதித்ததில்லை. மற்றொன்று நிரப்பும் முறை. வீட்டுச் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிறியதன் வாயில் குழாயைச் செருகி, கைக்கணக்கில் வழிய வழிய நிரப்புகிறார்கள். உள்ளே இருப்பது நீர்மம். வெப்பத்தில் அது எண்ணெயையும் நீரையும்விட மிகுதியாகப் பெருகும். ஆகவே முறையான ஆலையில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்கு வரையே நீர்மத்தை நிரப்பி, எஞ்சிய இடத்தைப் பெருக்கத்துக்கென விட்டு வைக்கின்றனர். அவ்விடம் இல்லாவிடில், சித்திரை வெயிலில் உட்கார்ந்த இடத்திலேயே சிலிண்டர் பிளந்துவிடும். தீக்குச்சி கூட வேண்டுவதில்லை. இப்படி மாற்றி நிரப்புவது சட்டப்படி குற்றம். நிரப்பும் கடையே வெடித்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

முறையான சிலிண்டரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. மூடியின்மேல் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் எழுதியிருக்கும். அது மறுசோதனைக் கெடு. 'ஏ' என்றால் மார்ச்சு இறுதி வரை, 'பி' சூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். 'பி-28' என்றிருந்தால் 2028 சூன் வரை என்று பொருள். கெடு கடந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெற்றுச் சிலிண்டரின் எடையும் அதன்மீதே பொறித்திருக்கும். அத்துடன் ஐந்தைக் கூட்டித் தராசில் சரிபாருங்கள். அரிசிக் கடையில் நூறு கிராமுக்கு வழக்காடும் நம் தாய்மார்கள், இங்கே மட்டும் தராசைக் கேட்க ஏனோ கூச்சப்படுகின்றனர்! ரெகுலேட்டரும் குழாயும் முத்திரை பெற்றனவாக இருக்கட்டும். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக.

இளைஞர்கள் முகாமுக்கென வாங்கும் தகரக் குப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருநூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட வாயு கொண்டது. தீர்ந்தால் எறிய வேண்டியதேயன்றி மீண்டும் நிரப்பத்தக்கதன்று. பெட்டி போன்ற அடுப்பினுள் குப்பியைப் படுக்க வைத்து எரிப்பர். அதன்மேல் பிரியாணி அண்டாவையோ அகன்ற தோசைக்கல்லையோ ஏற்றினால், பாத்திரத்தின் வெப்பம் பக்கத்திலுள்ள குப்பியின் மேல் கவிந்து அதை வெடிக்கச் செய்யும். சிறிய அடுப்புக்குச் சிறிய பாத்திரமே தகும். மற்றொன்று: குளிரில் சுடர் இளைத்தால் சிலிண்டரைத் தீயில் காட்டிச் சூடேற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. நம் நாட்டுச் சமையல் வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் பனிக்கட்டிக்குக் கீழே நாற்பத்திரண்டு பாகை வரையிலும் ஆவியாகும். பியூட்டேனோ உறைநிலையை நெருங்கும்போதே சோர்ந்துவிடும். இமயத்தில் முகாமிடுவோர் புரோப்பேன் மிகுந்த கலவையைத் தேடுவது இதனாலேதான். அந்தரகங்கையில் அத்தகைய குளிர் இல்லை. சுடர் இளைத்தால் சற்று நேரம் அணைத்து வையுங்கள். காற்றுப்பட்டுத் தானே தேறும்.

வீட்டில் எங்கே வைப்பது? நம் லைன் வீடுகளில் இடம் ஏது என்பீர்கள். அதனால்தான் கட்டிலுக்கு அடியில் தள்ளுகின்றனர். அதுவே மிகத் தீய இடம். இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே எழாது. நீர் போலத் தரையில் படர்ந்து, பள்ளத்திலும் கட்டிலடியிலும் தங்கும். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும். தரையில் எரியும் காமாட்சி விளக்கு ஒன்றே போதுமன்றோ! ஆகவே காற்றோட்டமுள்ள மூலையில், தரை மட்டத்துக்குக் கீழல்லாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். மூடியைக் கயிற்றோடு தொங்கவிடாமல் மூடி வையுங்கள். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாக நீர்மமே வாய்க்கு வந்துவிடும். ஒரு பங்கு நீர்மம் ஏறத்தாழ இருநூற்றைம்பது பங்கு வாயுவாகப் பெருகும். சுரங்கத்தில் வெடிமருந்து எங்கே இருக்கிறது, எடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று கணக்கு வைத்துப் பிழைத்த தந்தையரின் மக்கள் நாம். சிலிண்டருக்கென ஒரு மூலையை ஒதுக்குவது நமக்குப் புதிய பாடமன்று.

கசிவை அறிய வாயுவில் துர்நாற்றப் பொருள் ஒன்றைக் கலந்திருக்கிறார்கள். ஐயம் தோன்றினால் சோப்பு நுரையைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்பவர் இன்னும் சிலர் உளர் என்று கேட்டுத் திடுக்கிட்டோம். நாற்றம் வந்தால் விளக்கின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து விலகி நின்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் விடை கிடைக்கும்.

வேனில் செல்வோருக்கு ஒரு சொல். சிலிண்டரை ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியிட்டு, சாயாதபடி கயிற்றால் கட்டி நிமிர்த்தி வையுங்கள். உணவுக்கு நிறுத்தும் இடத்தில், வண்டியை வெயிலில் பூட்டிவிட்டுக் கோயிலுக்குள் செல்வதானால் முதலில் சிலிண்டரை நிழலில் இறக்கி ஒருவரைக் காவல் வையுங்கள். பூட்டிய வண்டியின் உள்ளே வெப்பம் ஐம்பது பாகையைத் தாண்டுவது கோடையில் அரிதன்று. மழை பெய்தாலும் வண்டிக்குள் சமைக்க வேண்டாம். கூடாரத்துக்குள் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயவும் வேண்டாம்; அடைத்த இடத்தில் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சை உண்டாக்கும். அதற்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை; உறங்குபவர் உறங்கியபடியே மடிவர். இரயிலில் செல்பவர்கள் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொள்ளுங்கள்.  தேநீர் நிலையத்தில் கிடைக்கும்.