பதினோராம் நாள் மறுப்பு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெமின்ஸ்டர் என்னும் சிறு நகரில் வாழ்ந்து, பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கார்மியரின் வீட்டில், வெகு சாதாரணமான சம்பவம் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்து நிதிக்காக விற்றுவரும்படி கொடுத்தனுப்பப்பட்ட சாக்லேட்டுகளை விற்க மனமில்லை என்று அவருடைய மகன் சொன்னான். தந்தையும் அதற்கு இசைந்தார். பையன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தான். பள்ளியும் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டது. அப்படிச் சுமுகமாக முடிந்துபோன விஷயம், அவ்வாறு முடியாமற்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தந்தை சிந்திக்கத் தொடங்கியதன் பலனாக எழுதப்பட்டதே 1974இல் வெளிவந்த 'தி சாக்லேட் வார்' என்னும் நாவல். பதின்பருவத்துப் பிள்ளைகள் கடினமான தீர்மானங்களை எதிர்கொள்வதை உள்ளபடியே சித்தரிக்கும் யதார்த்த நாவல்களைப் பற்றிப் பேசப் புகுந்தால், அந்த நூலிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதாநாயகன் ஜெர்ரி ரெனால்ட், தாயை இழந்து அதிக காலம் ஆகாத சிறுவன். அவன் தந்தையோ துக்கம் உறைந்துபோன மனத்தோடு மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்து நாளைக் கழிப்பவர். அவன் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரினிட்டி என்னும் கத்தோலிக்கப் பள்ளியில், தலைமையாசிரியர் நோயுற்றிருக்கும் சமயம் பார்த்து அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்ட பிரதர் லியோன், 20,000 பெட்டி சாக்லேட்டுகளை வாங்கிக் குவித்துவிட்டு, தலைக்கு 50 பெட்டி விற்றாக வேண்டும் என்று மாணவர்கள்மீது சுமத்துகிறார். அதே பள்ளியில் 'விஜில்ஸ்' என்னும் மாணவர் ரகசியக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் சூத்திரதாரியான ஆர்ச்சி, சாக்லேட் விற்க முடியாது என்று பத்து நாள் மறுத்துவர வேண்டுமென ஜெர்ரிக்குக் கட்டளையிடுகிறான். வகுப்பில் தினந்தோறும் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுகிறது; ஒவ்வொரு மாணவனும் தன் கணக்கைச் சொல்கிறான்; ஜெர்ரியின் பெயர் வரும்போதெல்லாம் மறுப்பு ஒன்றே பதிலாக வருகிறது.

பத்து நாள் கெடு முடிகிறது. பதினோராம் நாள், இனி விற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆசிரியரின் கோபமும் தணியும், ரகசியக் கூட்டத்தின் ஆணையும் நிறைவேறியதாகும், தானும் நானூறு பேரில் ஒருவனாகக் கலந்துவிடலாம் என்ற நிலையில், பெயர் கூப்பிட்டதும் அவன் மறுபடியும் முடியாது என்று சொல்லிவிடுகிறான். ஏன் சொன்னோம் என்பது அவனுக்கே முழுவதும் விளங்கவில்லை. முதற் பத்து நாளும் அவன் சொன்ன மறுப்பு பிறருக்குக் கீழ்ப்படிந்து சொன்னது. வார்த்தையும் குரலும் மாறாமல் பதினோராம் நாள் சொன்ன மறுப்போ அவனுக்கே சொந்தமானது. வெளிப்பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாத இந்த இடத்தில்தான் ஒரு பிள்ளை தன் வாழ்வில் முதன்முதலாகத் தானே முடிவெடுக்கும் மனிதனாகிறான் என்பதை, ஒரு வரி உபதேசமும் இன்றி, வெறும் பெயர்ப்பட்டியல் வாசிப்பைக் கொண்டு காட்டிவிட்ட கார்மியரின் கலைத்திறனை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

அதன்பின் நடப்பவை கொடுமையானவை. சகமாணவர்கள் அவனை முதலில் ஒதுக்குகிறார்கள், பின்பு தாக்குகிறார்கள். இரவு நேரத்தில் விளையாட்டுத் திடலில் ஏற்பாடு செய்யப்பட்ட குத்துச்சண்டையில், சீட்டு வாங்கிய மாணவர்கள் எந்த அடி எங்கே விழவேண்டும் என்று எழுதிக் கொடுக்க, ஜெர்ரி நினைவு தப்பும்வரை அடிபடுகிறான். கடைசியில், அவர்கள் சொன்னபடியே கேட்டுவிடு, எதிர்த்து நிற்காதே என்று தன் ஒரே நண்பனுக்குச் சொல்லத் தவிக்கும் நிலைக்கு அவன் வந்துவிடுகிறான். தீயவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்த முடிவைச் சற்று மாற்றினால் நூலை ஏற்றுக்கொள்கிறோம் என்று பிரசுரகர்த்தர்கள் கேட்டபோது, பணத்தேவை உள்ள குடும்பஸ்தராக இருந்தும் கார்மியர் இணங்கவில்லை. இணங்கியிருந்தால், ஒரு சிறுவனின் மறுப்பைப் பற்றிய நாவலை எழுதியவர் தம் மறுப்பைக் கைவிட்டவராகியிருப்பார்.

அமெரிக்காவின் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றும்படி பெற்றோர்கள் மனுச் செய்த புத்தகங்களின் வரிசையில் இந்நாவல் பல ஆண்டுகள் இடம்பெற்றது. 2004இல் அந்த நாட்டு நூலகச் சங்கத்தின் பட்டியலில் அதுவே முதலிடத்தில் இருந்தது. அந்தப் பெற்றோர்களை நான் பரிகசிக்க விரும்பவில்லை. நூலில் கொச்சையான பேச்சு உண்டு, வன்முறை உண்டு. நல்லவன் தோற்பதைக் கண்ட பிள்ளையின் மனம் நன்மையிலேயே நம்பிக்கை இழந்துவிடாதா என்ற அவர்களுடைய அச்சம் அன்பிலிருந்து பிறந்ததே. ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளை, வகுப்பறையில் ஒருவனைப் பலர் சேர்ந்து ஒதுக்குவதை ஏற்கெனவே கண்ணாரக் கண்டிருக்கிறது. கண்டும் வாய்திறவாமல் இருந்துவிட்ட குற்றவுணர்ச்சியையும் ஒருவேளை சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் கையில், நியாயம் தவறாமல் வெல்லும் கதைகளையே நாம் கொடுத்துக்கொண்டிருந்தால், தன் அனுபவம் வேறு, புத்தகங்கள் சொல்லும் உலகம் வேறு என்று அது முடிவு கட்டிவிடும். அப்புறம் எந்தப் புத்தகத்தையும் நம்பி எடுக்காது.

1977இல் வெளிவந்த 'ஐ ஆம் த சீஸ்' என்னும் மற்றொரு நாவலில், கதைப்பையன் தன் தோழியை அழைக்கும் தொலைபேசி எண்ணாகக் கார்மியர் தம்முடைய சொந்த வீட்டு எண்ணையே அச்சிட்டுவிட்டார். வாசித்த பிள்ளைகள் தொலைதூர ஊர்களிலிருந்தெல்லாம் அந்த எண்ணுக்கு அழைத்தார்கள். அவரும் சலிப்பின்றி அவர்களோடு சம்பாஷித்தார். இளம் மனங்களைக் கெடுக்கிறார் என்று பழிக்கப்பட்ட எழுத்தாளர், இளம் வாசகர் எப்போது அழைத்தாலும் பேசக் காத்திருந்தார் என்பதை அவருடைய நூல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இவ்வகை நாவலுக்கு வழிதிறந்தவர், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் பள்ளி மாணவியாக இருக்கும்போதே எழுதத் தொடங்கி, 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வெளியிட்ட எஸ். இ. ஹின்டன். அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளமாதலால் நான் விரிக்கவில்லை. எனக்கு அதனினும் நெருக்கமானது வால்டர் டீன் மையர்ஸ் 1999இல் எழுதிய 'மான்ஸ்டர்'. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவன் ஸ்டீவ் ஹார்மன், பதினாறு வயதில் கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். சினிமாக் கலையில் ஈடுபாடு கொண்ட அவன், தன் விசாரணையையே திரைக்கதையாகவும் நாட்குறிப்பாகவும் எழுதிக்கொண்டு போகிறான். ஒரு கடையைக் கொள்ளையிடச் சென்றவர்களுக்காக அவன் முன்கூட்டியே உள்ளே போய் நோட்டம் பார்த்தானா இல்லையா என்பதே வழக்கின் முடிச்சு. நடுவர்கள் அவனை விடுதலை செய்கிறார்கள். மகிழ்ச்சியில் அவன் தன் வழக்கறிஞரைத் தழுவக் கைகளை நீட்டும்போது, அந்த அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிவிடுகிறார். சட்டம் விடுவித்த பின்பும் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் நிலையில் அவன் நிற்பதோடு நாவல் முடிகிறது. இளையோர் இலக்கியத்துக்கென்று அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்ட பிரின்ட்ஸ் விருது 2000இல் முதன்முதலாக இந்நூலுக்கே வழங்கப்பட்டது. தீர்ப்பை வாசகப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிடும் துணிவு, அந்தப் பிள்ளையின் விவேகத்தின்மீது ஆசிரியர் வைத்த மதிப்பே அன்றி வேறில்லை.

நம் தமிழில் இத்தகைய நாவல்கள் இல்லை என்று சொல்வது தவறு. பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை' இருக்கிறது. தன் அண்ணனைக் கொலை செய்வித்த நிலக்கிழார் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட எண்ணிப் புறப்பட்ட பதினைந்து வயதுச் சிதம்பரம், கொலையே செய்துவிட்டு ஓடுவதில் தொடங்கும் அந்நாவல், தந்தையும் மகனும் கரிசல்காட்டிலும் மலையடியிலும் ஓடையோரங்களிலும் ஒளிந்து திரியும் சில நாட்களின் கதை. மகனை ஏன் செய்தாய் என்று தந்தை வைவதில்லை. மெச்சிக் கொண்டாடுவதும் இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைக்கலாம், எந்த இடத்தில் படுக்கலாம் என்பதிலேயே அவருடைய அன்பு முழுவதும் வெளிப்படுகிறது. கடைசியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படும்போது, நடந்த காரியத்தின் பாரத்தை அந்தப் பிள்ளை தன்னுடையதாகவே ஏற்று நடக்கிறது. இதைத் தழுவி 2019இல் வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' திரைப்படம் பெரும் புகழ் பெற்றது. ஆனால் அதில் கதையின் மையம் மகனிடமிருந்து தந்தையிடம் நகர்ந்துவிட்டது. திரைக்கலையின் நியாயங்கள் வேறு. அதைக் குறை கூறவில்லை. படத்தைப் பார்த்த பிள்ளைகள் நாவலையும் வாசித்தால்தான், அந்தக் கதையை ஒரு பதினைந்து வயதுப் பையனின் கண்ணால் காண வாய்க்கும் என்பதற்காகவே சொல்கிறேன். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. ஆடு மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்ட கூளையனும் பண்ணைக்காரரின் மகனும் காட்டில் தோழர்களாகத் திரிந்தாலும் ஊருக்குள் தோழர்களாக இருக்க முடியாத வேதனையை அதைவிடக் கூர்மையாகச் சொன்ன நூல் நான் அறிந்தவரை இல்லை.

இல்லாதது, இந்த நூல்களை உரிய வயதில் பிள்ளைகளிடம் சேர்க்கும் ஏற்பாடு. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் ஒன்பது முதல் பதினாறு வயது வரையுள்ள அனைவரையும் ஒரே பிரிவில் அடக்குகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் 'ஊஞ்சல்' நாலாம், ஐந்தாம் வகுப்புக்கும், 'தேன்சிட்டு' ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வருகின்றன. அவை பாராட்டத்தக்க இதழ்களே. ஆனால் பத்தாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. பாடப்புத்தகம் தவிர மற்றதெல்லாம் காலவிரயம் என்ற நிர்ப்பந்தம் வீடுதோறும் குடியேறிவிடுகிறது. ஃபர்ஸ்ட் குரூப் எடுப்பதா, காமர்ஸ் எடுப்பதா என்று பிள்ளைக்காகப் பெரியவர்கள் தீர்மானம் செய்வதும் அந்த வயதில்தான்; வேறு சாதித் தோழியின் வீட்டில் சாப்பிட்டதற்காகக் கேள்வி கேட்கப்படுவதும், படிப்பை நிறுத்திவிட்டு மில் வேலைக்குப் போவதா என்று ஏழை வீட்டுப் பெண் தனியே இருந்து யோசிப்பதும் அந்த வயதில்தான். தீர்மானங்கள் மிகுந்த அந்த மூன்று ஆண்டுகளில், தீர்மானங்களைப் பற்றிய நூல் எதுவும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதில்லை.

துன்பத்தை அடுக்கிக்காட்டுவதே யதார்த்தம் என்று கருதி எழுதப்படும் நூல்களும் உண்டு. பிள்ளைக்கு எந்தத் தீர்மானமும் இல்லாமல், வெறுமனே அடிபட்டுக்கொண்டே இருக்கும் அத்தகைய கதைகளுக்காக நான் வாதாடவில்லை. கதைப்பிள்ளை உண்மையிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறதா, அதற்குரிய விலையைத் தானே கொடுக்கிறதா என்று பார்த்து நூலைத் தெரிவு செய்யலாம்.

ஆகவே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் நூலகர்களும் 'வெக்கை'யையும் 'கூளமாதாரி'யையும் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். 'சாக்லேட் வார்', 'மான்ஸ்டர்' போன்றவற்றை நல்ல தமிழில் கொண்டுவரப் பதிப்பகத்தார் முன்வர வேண்டும். நம் எழுத்தாளர்கள், பிளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் இன்றைய பெண்ணைப் பற்றி, அவளுக்காகவே எழுத வேண்டும். பெற்றோர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: அந்தப் புத்தகத்தை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு பிள்ளையிடம் கொடுங்கள், படித்து முடித்ததும் என்ன நீதி கற்றுக்கொண்டாய் என்று கேட்காமல், அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டு, சொல்லும் பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.