கணிப்பொறியும் கொள்ளுப்பாட்டியும்

நதிமூலம், ரிஷிமூலம் ஆராயக் கூடாது என்பர் நம் பெரியோர். ஆனால் சொந்த வீட்டின் மூலத்தை ஆராயக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. அதற்குக் கணிப்பொறியின் முன் அமர்ந்தாலே போதும் என்ற எண்ணம் இன்று பரவி வருகிறது. அன்புத் தோழியரே! அந்த எண்ணம் பாதி உண்மை. மறு பாதியை நம் வீட்டுத் திண்ணையில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து. இதை என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் பெரியப்பா எங்கள் வம்சாவளியைக் கணிப்பொறியில் வரைந்து, சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டுக் கொண்டு வந்தார். ஆறு தலைமுறை ஆண்களின் பெயர்களும் அதில் வரிசையாக இருந்தன. அவர்களுடைய துணைவியர் பலருக்கு 'மனைவி' என்ற ஒரு சொல்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் சூழ்ந்து நின்று வியந்தோம். 84 வயதான என் அப்பாயி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, "ஏம்ப்பா, இதுல எங்க அம்மா எங்கே இருக்காங்க?" என்று கேட்டார்.

"அது வேற வம்சம்மா. நம்ம வம்சத்துல வராது" என்றார் பெரியப்பா.

அப்பாயி மறுமொழி சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவரருகில் படுத்திருந்தபோது, "உங்க அம்மா பேரு என்ன அப்பாயி?" என்று கேட்டேன். "சூசையம்மான்னு கூப்பிடுவாங்க. எனக்கு ஆறு வயசுல போயிட்டாங்க. முகம்கூடச் சரியா ஞாபகம் இல்லை, தாயி" என்றார்.

மறுநாளே நான் கணிப்பொறியில் தேடத் தொடங்கினேன். உலகெங்கும் மக்கள் தங்கள் முன்னோரைத் தேட எத்தனை வசதிகள் உள்ளன என்று அப்போதுதான் அறிந்தேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894-ல் தொடங்கிய ஒரு சங்கம், 1938 முதல் பல நாடுகளின் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் படம் பிடித்து வந்தது. அச்சங்கத்தின் வழிவந்த 'ஃபேமிலிசர்ச்' நிறுவனம், ஏறத்தாழ 24 இலட்சம் சுருள்களைக் கணிப்பொறிக்கு மாற்றும் பணியை 2021-ல் முடித்தது. அவற்றில் பெரும் பகுதியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிரான்சு நாட்டின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

என் நெஞ்சைத் தொட்டது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பட்டியல்தான். 1860 நவம்பர் 16-ல் 'டுரூரோ' என்னும் கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை அங்கு சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றை வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தனர். கூலிகள் தப்பி ஓடிவிடாதிருக்க உதவிய அதே ஏடு, இன்று கணிப்பொறியில் ஏறி, அவர்களுடைய பேரர்களுக்குத் தங்கள் பூர்வீக ஊரைக் காட்டுகிறது. இது விஞ்ஞானம் செய்த நற்பணி அன்றோ!

ஆனால் என் சூசையம்மா எங்கும் அகப்படவில்லை. மூன்று மாலைப் பொழுதுகள் கழிந்தன. அதன் பிறகே காரணங்கள் புலப்பட்டன.

முதலாவதாக, யாரோ ஒருவர் படம் பிடித்து ஏற்றியதைத்தான் கணிப்பொறி காட்டும். இங்கிலாந்தில் 1921-ல் எடுத்த குடிக்கணக்கின் ஏடுகள் நூறாண்டு கழித்து 2022-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நம் நாட்டில் 1872 முதல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டாலும், தனி மனிதர் விவரங்களைப் பார்க்க 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

இரண்டாவதாக, நம் பெயர்களே ஒரு புதிர். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் பள்ளிச் சான்றிதழில் பீட்டர். பழைய ஞானஸ்நான ஏட்டிலோ இலத்தீனில் 'பெத்ருஸ்'. சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் ஜான், இன்னாசி என்றால் இக்னேஷியஸ். எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருக்கும் பெயர்களை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அமெரிக்காவில் 1918-லேயே காப்புரிமை வழங்கப்பட்டது. ஆங்கிலப் பெயர்களுக்கு அது உதவும். ஆனால் சூசையும் ஜோசப்பும் ஒருவரே என்பதை ஒலி சொல்லாது. நம் பாட்டிதான் சொல்வார்.

ஆகவே அப்பாயியையே கூட்டிக்கொண்டு அவர் பிறந்த ஊருக்குப் போனோம். பங்குத்தந்தை அன்புடன் பழைய ஏட்டை எடுத்துக் கொடுத்தார். திருமணங்களை ஏட்டில் பதிந்து வைக்கும்படி திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-லேயே பங்குக் குருக்களைப் பணித்தது. அன்று தொடங்கிய ஒழுங்கு, எங்கள் சிற்றூரின் இரும்பு அலமாரி வரை வந்திருக்கிறது. அப்பாயியின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயருக்கு அடுத்து, தாயின் பெயர் 'ஜோசபினா' என்று இருந்தது. நான் தேடிய சூசையம்மா அவர்தான்! மை மங்கியிருந்ததால், பங்குத்தந்தையின் அனுமதியோடு கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். அதைக் கொண்டு அவருடைய திருமணப் பதிவையும், அவர் தகப்பன் பெயரையும், அவர் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரையும் கண்டுபிடித்தோம். இலத்தீன் எழுத்து அறியாத அப்பாயி, "எது எங்க அம்மா?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தின் மேல் விரலை வைத்தார். சற்று நேரம் எடுக்கவே இல்லை.

தோழியரே, சிந்தித்துப் பாருங்கள். நம் ஒவ்வொருவருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எண்மர் உண்டு. அவர்களில் நால்வர் பெண்கள். பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் கணக்குப்படி 1,024 முன்னோர். அவர்களில் 512 பேர் பெண்கள். கணிப்பொறி ஒவ்வொருவருக்கும் மேலே தகப்பனுக்கு ஒரு கட்டம், தாய்க்கு ஒரு கட்டம் என்று சமமாகவே வரைகிறது. தாயின் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் நாம்தாம். புனித மத்தேயு எழுதிய ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் மரியாளோடு தாமார், இராகாபு, ரூத்து என்னும் பெண்களும் இடம்பெறுகின்றனர். அதிலும் ஒரு பெண் 'உரியாவின் மனைவி' என்று மட்டுமே குறிக்கப்படுகிறார். அக்குறை இன்னும் நம் வீடுகளில் தொடரலாமா?

"பழங்கதை எதற்கு? படிக்கிற வேலையைப் பார்" என்று சிலர் கூறலாம். குலப்பெருமை பேசவும், சாதியை உயர்த்திக் கொள்ளவும் வம்சாவளி தேடுவது வீண் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நேட்டால் பட்டியலில் இருப்பவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள். என் கொள்ளுப்பாட்டி களையெடுத்துப் பிள்ளை வளர்த்தவர். அவர்களை அறிவது தற்பெருமைக்காக அன்று, நன்றிக் கடனுக்காக.

வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். பிறர் இணையத்தில் ஏற்றிய வம்சாவளியை அப்படியே பார்த்து எழுதினால், அவர்களுடைய பிழையும் நம் வீட்டுக்கு வந்து சேரும். உயிரோடிருப்போரின் பிறந்த நாள், தாயின் பெயர் போன்றவற்றைப் பலர் பார்க்குமிடத்தில் வெளியிடுவதும் தகாது. வங்கிக் கணக்கைத் திருட நினைப்பவர்களுக்கு அவையே திறவுகோலாகலாம்.

எனவே, முதலில் பாட்டியின் அருகில் அமருங்கள். அவர் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பங்கு ஏடு, கல்லறைக் கல், பழைய பத்திரம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். அதன் பின்னர் ஒரே பெயரை எல்லா வடிவங்களிலும் கணிப்பொறியிடம் கேளுங்கள். கணிப்பொறி நாளையும் இருக்கும். நம் பாட்டிமார் எத்தனை நாள் இருப்பார்களோ, ஆண்டவரே அறிவார்.

பெரியப்பா வம்சாவளியை மறுபடியும் அச்சிட்டிருக்கிறார். முன்னிலும் அகலமான தாள் தேவைப்பட்டது. அதில் சூசையம்மா இருக்கிறார். இன்னும் ஏழு கட்டங்களில் 'மனைவி' என்றே இருக்கிறது. வரும் விடுமுறையில் நானும் அப்பாயியும் அந்த எழுவரையும் தேடிப் புறப்படுகிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் தொடங்குங்கள், தோழியரே!