மெதுவாகும் நடை: ‘வயசாச்சு’ என்று விட்டுவிடலாமா?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்குத்தான் இது முதலில் கண்ணில் படும். பஸ் ஸ்டாண்டில் இருந்து பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போகும் அப்பா, இந்த முறை பின்தங்கி வருகிறார். தெருமுனைக் கடைக்குப் போய்வர அம்மாவுக்கு முன்பைவிட அதிக நேரமாகிறது. கேட்டால், “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வருகிறது. டாக்டரிடம் போனாலும் பேச்சு சுகர், பிபி, மூட்டுவலியோடு முடிந்துவிடுகிறது. நடை வேகம் குறைந்ததை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் அவரும் கேட்பதில்லை.

முதியோர் மருத்துவத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் வரிசையில் நடை வேகத்தையும் ‘ஆறாவது உயிர்க்குறி’ என்று 2009-ல் ஒரு மருத்துவக் கட்டுரை அழைத்தது. அது ஏன் என்பதை 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் தகவல்கள், ஒன்பது ஆய்வுகளில் இருந்து திரட்டப்பட்டு அலசப்பட்டன. வழக்கமான நடையில் விநாடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடுதலாக இருந்தாலே, இறப்பு அபாயம் சுமார் 12% குறைவாக இருந்தது. வயது, ஆணா பெண்ணா, நடை வேகம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு, நோய்ப் பட்டியல், ரத்த அழுத்தம், உடல் எடை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த கணிப்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது.

காரணம் எளிது. நடக்கும்போது இதயம், நுரையீரல், தசை, மூட்டு, கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, நரம்பு, மூளை என்று எல்லாமே ஒரே நேரத்தில் வேலை பார்க்கின்றன. எதில் கோளாறு என்றாலும் வேகத்தில் தெரிந்துவிடும்.

பேசினால் நின்றுவிடுகிறாரா?

இதில் பலர் எதிர்பார்க்காத பெயர் மூளை. நடப்பது யோசிக்காமல் செய்யும் வேலை என்றுதான் தோன்றும். இளம் வயதில் போனைப் பார்த்துக்கொண்டே, பேசிக்கொண்டே, பள்ளத்தைத் தாண்டிக்கொண்டே நடக்க முடிகிறது. வயது கூடக்கூட, நடைக்கே மூளையின் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. இன்னொரு வேலை சேர்ந்தால் ஒன்று தடுமாறும்.

சுவீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 1997-ல் வெளியானது. கருவி எதுவும் இல்லை. கூடவே நடந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால், நடையையும் சிந்தனையையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கத்தை அது அசைத்தது.

2013-ல் நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். சம வயதினரைவிட நடை கணிசமாக மெதுவாக இருக்கிறது. “மறதி வருது” என்று அவரே சொல்கிறார். ஆனால், டிமென்ஷியா இல்லை, நடமாட முடியாத நிலையும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து இருக்கும் நிலைக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். 17 நாடுகளில் 26,802 முதியவர்களின் தகவல்களைப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தது. அவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஸ்டாப்வாட்ச்சும் சில கேள்விகளும் போதும் என்பதுதான் இதன் பலம். இதே குழுவின் பங்களிப்போடு பக்கத்து மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டிலும் முதியோர் ஆய்வு நடந்திருக்கிறது.

ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் ஏறத்தாழ 17,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது: நடையும் நினைவாற்றலும் சேர்ந்து குறைந்தவர்களுக்குத்தான் டிமென்ஷியா அபாயம் மிக அதிகம்.

‘வேகமா நடங்க’ என்பது மருந்தா?

இங்கேதான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். வேகமாக நடப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்றால், அம்மாவை வேகமாக நடக்கவைத்தால் போதுமே? இல்லை. காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் வைப்பது மாதிரிதான் அது. வேகம் பெரும்பாலும் உள்ளே நடப்பதைக் காட்டும் அளவுகோல். வலிக்கும் முட்டியோடு, மங்கிய கண்ணோடு ஒருவரை அவசரப்படுத்தினால் கிடைப்பது இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம்.

உடற்பயிற்சிக்குப் பலன் இல்லை என்பதல்ல. உடலுழைப்புக் குறைந்த, 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு நடை, தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்புகள். சராசரியாக 2.6 ஆண்டுகளில், நடமாட்டம் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் முதல் குழுவில் 30.1%, இரண்டாவது குழுவில் 35.5%. கால்களுக்குப் பலன் தெளிவு. ஆனால், சிந்தனைத் திறன் சோதனைகளில் இரண்டு குழுவுக்கும் ஒட்டுமொத்தமாக வித்தியாசம் இல்லை. ‘தினமும் நடந்தால் மறதியே வராது’ என்று ஃபேமிலி குரூப்பில் வரும் பார்வர்டுகளை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் வேகம் குறைந்தால் என்ன செய்வது? காரணத்தைத் தேடுவது. அந்தக் காரணங்களில் பல, சரிசெய்யக்கூடியவை. பேசப்பட வேண்டிய விஷயமே அதுதான்.

கண்புரை இருந்தால் தரை சரியாகத் தெரியாது. அடி தானாகவே சிறிதாகும். பல வருட சுகரில் பாத நரம்புகள் மரத்துப்போனால், செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் தடுமாறும், மறதியும் வரும். தூக்க மாத்திரையும், சில பிபி மாத்திரைகளும் எழுந்ததும் தலைசுற்ற வைக்கலாம் (அதற்காக மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது). ஒருமுறை விழுந்தவர், மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே சுவரைப் பிடித்து நடப்பார். மனச்சோர்வும் நடையைத் தளர்த்தும். ஓய்வுபெற்ற பிறகோ துணையை இழந்த பிறகோ வரும் இந்தத் தளர்ச்சியை வீட்டில் இருப்பவர்கள் உடல் பலவீனம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

பார்க்கின்சன் நோயில் ஒரு கை வீசாமல் நிற்பது, அடிகள் குறுகுவது போன்றவை ஆரம்பத்திலேயே தெரியலாம். மூளைக்குள் நீர் தேங்கும் ஒரு வகைப் பாதிப்பில், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நடை மாறும். கூடவே மறதி, சிறுநீரை அடக்க முடியாமை. மூன்றையும் ‘வயசு’ என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். சரியான நேரத்தில் கண்டுபிடித்து நீரை வடியவைக்கும் அறுவை சிகிச்சை செய்தால், பலருக்கு நடை மேம்படுகிறது.

திடீரென்று ஒரே நாளில் நடை மாறினால் கதை வேறு. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைதான்.

அளப்பது எப்படி?

ஹாலில் 4 மீட்டர் அளந்து இரு முனையிலும் டேப் ஒட்டலாம். கோட்டுக்குக் கொஞ்சம் முன்பே தொடங்கி, கோட்டைத் தாண்டியும் போகும்படி வழக்கமான நடையில் நடக்கச் சொல்லி, இடைப்பட்ட நேரத்தை போனில் குறிக்க வேண்டும். 4 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர். இதற்குக் கீழே போனால் மெதுவான நடை என்கிறது ஆசிய நாடுகளுக்கான 2019 மருத்துவ வழிகாட்டுதல். 5 விநாடி என்றால் 0.8 மீட்டர்; ஐரோப்பிய வழிகாட்டுதலின் எல்லை அது. ஒருநாள் எண்ணைவிட, ஆறு மாதத்தில் அது எவ்வளவு மாறியது என்பதுதான் டாக்டருக்கு உதவும். நடை வேகத்தைக் காட்டும் போன்களும் உண்டு. ஆனால், பல வீடுகளில் அப்பாவின் போன் டிவி பக்கத்தில் சார்ஜில்தான் கிடக்கிறது.

இந்த எண்கள் வீட்டோடு முடிவதில்லை. விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற கணக்கில்தான் பிரிட்டனில் சாலை சிக்னல் நேரம் வைக்கப்பட்டது. அங்கே 65 வயதைத் தாண்டிய ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. பாதி சாலையில் பச்சை விளக்கு மாறிவிடும் பயம் அவர்களுக்கு வெறும் பிரமை இல்லை.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிபி, சுகர் பார்க்கவும் இயன்முறை சிகிச்சை தரவும் ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் ஊழியரின் பதிவேட்டில் நடை வேகத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தால், யாரை மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது விழுந்து அடிபடுவதற்கு முன்பே தெரியும். அதற்குத் தேவை அளவு நாடாவும், பையில் ஏற்கெனவே இருக்கும் போனும்தான்.