கோல்ஃப் திடலில் ஒரு குமாஸ்தா

மங்களூர்க்காரனுக்குக் கோல்ஃபில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். விருத்தாசலம் பக்கம் அந்த மட்டையைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. டெல்லிப் பக்கம் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிறு காலை, பணம் கட்டினால் யாரும் ஆடலாம் என்ற ஒரு திடலுக்கு என்னையும் பேத்தியையும் கூட்டிப்போனான். ஆறு மணிக்குப் போனோம். வீடு திரும்ப மணி பன்னிரண்டரை. அவன் ஆடியது கொஞ்சம், நின்றது அதிகம்.

"முன்னாடி போறவங்க ரொம்ப ஸ்லோப்பா" என்றான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். வரிசை நகராவிட்டால் ஜனங்கள் முன்னால் நிற்பவரைத்தான் திட்டுவார்கள். எல்லாரையும் பத்து மணிக்கே வரச்சொன்னது யார் என்று கேட்கமாட்டார்கள். நேரம் எழுதிய டோக்கன் கொடுத்துப் பார்த்தோம். கூட்டம் அதேதான், கூச்சல் பாதியாயிற்று.

கோல்ஃபும் அதே கணக்குதான். 18 குழி, நாலு நாலு பேராக உள்ளே விடுகிறார்கள். நீளமான குழி என்றால், முன் குழு பந்து எட்டாத தூரம் போனதும் பின் குழு அடிக்கலாம். 'பார் 3' என்னும் குட்டைக் குழியில் அது நடக்காது. முதல் அடியிலேயே பந்து குழியருகே போய்விடுமாதலால், முன்னவர்கள் முடித்து விலகும்வரை நிற்கவேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் ஆகிறது, வாசலில் எட்டு நிமிஷத்துக்கு ஒரு குழுவை விடுகிறார்கள் என்று வையுங்கள். பதினாறாவது குழு அங்கே அரைமணி நிற்கும். வேகமாக நடந்து என்ன பயன்?

இடைவெளியைக் கூட்டினால் வருமானம் போகும் என்பார்கள். போகும். நாலு மணி நேரத்தில் 30 குழுவுக்குப் பதில் 24. அந்த ஆறு குழுவின் பணத்துக்காகத்தான் மற்ற எல்லாரும் வெயிலில் காய்கிறார்கள்.

விதிகளையும் 2019-ல் திருத்தியிருக்கிறார்கள். தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிஷம் இருந்தது மூன்றாயிற்று. தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்கவேண்டும் என்பதும் தளர்ந்தது. தயாராக இருப்பவர் அடிக்கலாம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாசலில் ஒருவருக்கொருவர் 'அப்ரே வூ' என்று வழிவிட்டுக்கொண்டு, இரண்டு பேருமே வகுப்புக்குப் பிந்துவோம். புதுச்சேரியில் ஆடும் பெத்தாங்க் பந்தாட்டத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது, ஒரு நிமிஷத்துக்குள் எறிந்தாகவேண்டும். கோல்ஃபில் பந்து விழும் இடத்தைப் பார்க்க முன்னால் ஓடும் ஆளுக்கு வடக்கே 'ஆகேவாலா' என்று பெயர். செலவை மிச்சம்பிடிக்க முதலில் அவரை நிறுத்துபவர்கள், பிறகு புதருக்குள் தாங்களே தேடுகிறார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலான திடல்கள் கிளப்புகளிடமும் ராணுவத்திடமும்தான். டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் குதுப் கோல்ஃப் திடலை அமைத்தபோது, நாட்டின் முதல் பொதுத் திடல் என்று அதைச் சொன்னார்கள். கிளப் உறுப்பினருக்கு நாளெல்லாம் இருக்கிறது. பொதுத் திடலுக்கு வருபவர் கொண்டுவருவது ஒரே ஒரு ஞாயிறு காலை.

பேத்தி ஆசையாகத்தான் வந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். மூன்றாவது ஞாயிறு எழுப்பப் போனபோது, "தாத்தா, நிக்கிறதுக்கு எதுக்கு ஷூ போடணும்?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.