ஆர்குட் ரசிகர் குழுக்கள்: புலம்பல் போதாது

2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் ஆர்குட்டை மூடியது. நடிகர்களுக்காகவும் இசையமைப்பாளர்களுக்காகவும் ஆண்டுக்கணக்கில் வாதிட்ட இந்திய ரசிகர் குழுக்கள் விடைபெற்றுக் கலைந்தன. அதனை இளமை நினைவாக மட்டும் புலம்புவது போதாது. தமிழையும் இந்தியையும் ரோமன் எழுத்தில் எழுதிப் பழகிய ஒரு தலைமுறையின் மொழித்தரவு அங்கே கிடந்தது; வசைகள் உட்பட (வசையும் தரவே). பொதுக்குழுக்களின் உரையாடல்களைச் சில ஆண்டுகள் காப்பகமாக வைத்திருந்த நிறுவனம், பின்னர் அதனையும் நீக்கியது. அந்த அவகாசத்தில் அவற்றைச் சேகரித்துப் பேணும் கடமை எந்த மொழியியல் துறைக்கும் இல்லையா? ரசிகர் பேச்சு ஆய்வுக்குத் தகாதது என்னும் ஏளனம் கல்விப்புலத்தில் இன்றும் நீடிக்கிறது. மொழிக்கலப்பு ஆய்வுகளோ ட்விட்டர், யூடியூப் தரவுகளையே பெரிதும் சார்ந்துள்ளன. அவற்றை அழிக்கும் அதிகாரமும் நிறுவனங்களிடமே உள்ளது.